சீயக்காய் போட்டுக் குளித்த ஜீப்

பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, உள்ளே துண்டில் சுற்றிப் படுத்திருந்த கறுப்பு உருளையைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனார். "என்னம்மா இது?" என்றார். "எங்க அக்கா வீட்டு ஜீப்போட முன்னங்கால், சார்" என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கடைசியில் "ஏர் சஸ்பென்ஷனா? எங்க மாமா வண்டியிலயும் இதே தலைவலிதான்" என்று பெருமூச்சு விட்டு அனுப்பிவைத்தார்.

சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். நான் கொண்டுவந்தது, எஃகுத் தண்டைச் சுற்றி ரப்பர் காற்றுப்பை மாட்டிய ஒரு கால். சாதாரண வண்டி கம்பிச் சுருளின் மேல் நிற்கும். அத்தானின் ஜெர்மன் ஜீப் நான்கு காற்றுப்பைகளின் மேல் நிற்கிறது. அதில் வலது முன்பக்கத்துப் பையில் காற்று நிற்பதில்லை. அந்த மாடலுக்கு இப்போது உள்ளூரில் சாமான் கிடைக்கவில்லை என்று அக்கா போனில் புலம்பினாள். நான் விசாரித்துக் கிளம்பிவிட்டேன்.

அக்கா பார்வதி கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தவள். எங்கள் வீட்டில் சிங்கப்பூர்த் தமிழ் பேசிக்கொண்டிருந்த பெண், இப்போது அசல் தென்காசிக்காரி. அத்தான் சங்கரலிங்கம் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்காரருக்கு எதற்கு ஜெர்மன் ஜீப் என்று ஊரே கேட்டது. யாரோ பெரிய டாக்டர் ஓட்டிவிட்டுத் தள்ளிய வண்டியை இவர் ஆசைப்பட்டு வாங்கி, பதினைந்து வயது தாண்டியும் வைத்துக்கொண்டிருக்கிறார். சிங்கப்பூரில் பத்து வயது ஆனதுமே பெரும்பாலான கார்களை உடைக்கக் கொடுத்துவிடுவார்கள். அதனால் கிழட்டுக் கார் என்பதே எனக்கு ஒரு வேடிக்கைப் பொருள்.

நான் போய் இறங்கிய புதன்கிழமை தென்காசியில் சாரல் காலம். மழையா இல்லையா என்று தீர்மானிக்கவே முடியாத ஒரு ஈரம். வாசலில் ஜீப் வலது முன்பக்கம் சரிந்து, குழிக்குள் ஒரு காலை விட்ட மாதிரி நின்றது. டயருக்கும் மேலிருந்த தகட்டுக்கும் நடுவே விரல்கூட நுழையவில்லை.

"வா கொழுந்தியா. காலைக் கொண்டாந்துட்டியா?" என்றார் அத்தான். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, கண் பெட்டியின் மேலேயே இருந்தது.

அக்கா உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான்கு கால் ஊன்றுகோல். சித்திரையில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். தாழ்ந்த இருக்கையில் உட்காரவே கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஒருமுறை பக்கத்து வீட்டுச் சின்னக் காரில் மடங்கி உட்கார்ந்து போய் வந்தவள் வலியில் ஒரு வாரம் அழுதாள். அதிலிருந்து வேறு எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். இந்த ஜீப்பில் மட்டும் ஒரு வசதி உண்டு. பொத்தானை அமுக்கினால் புஸ்ஸென்று தாழும், அவள் மடங்காமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும். அது சரிந்த நாளிலிருந்து அக்கா கோயில் வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

"கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு குத்தால சீசன் தப்பினதில்ல ஏட்டி. அருவித் தண்ணி தலையில படாம ஒரு வருசம் போயிருமோன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி நிமிரலைன்னா, புளியறைக்கு அந்தப் பக்கத்து, கேரளத்து ஆளு ஒருத்தருக்குக் குடுத்துருதேன்னு வாக்குக் குடுத்திருக்காவ உங்க அத்தான்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வியாழன், வெள்ளி, சனி என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

அன்று மதியம் கூட்டாஞ்சோறும் அப்பளமும். ஒரு விஷயம் கவனித்தேன். அக்காவைக் கைப்பிடித்து எழுப்புவது, செருப்பை மாட்டிவிடுவது எல்லாம் வேலைக்கு வரும் பெண்தான். அத்தான் கதவருகே நின்று "பாத்து, பாத்து" என்பதோடு சரி. நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் ஜீப்பிடம் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை செல்லத்துரை வந்தார். செங்கோட்டைச் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், டிராக்டருக்கும் டெம்போவுக்கும் டாக்டர். ஜீப்பைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "இதுல கைய வச்சா டிஸ்பிளேயில மஞ்சக் கலரு, செவப்புக் கலருன்னு எல்லாம் எரியும்க்கா. டிராக்டர்ல இந்தப் பஞ்சாயத்தே கெடையாது" என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கார் வேலையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஸ்பேனரை எடுத்தாலே யாராவது புகார் எழுதிவிடுவார்கள், ஆகவே கைப்பழக்கம் குறைவு, வாய்ப்பழக்கம் அதிகம். ஆனாலும் ஒரு பாடம் உறைத்திருந்தது: பழைய வண்டியில் எதையும் கழற்றுவதற்கு முன்னால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். காற்று பையில் போகிறதா, குழாய் மூட்டில் போகிறதா, வால்வில் போகிறதா? தெரியாமல் சாமான் மாற்றினால் சாமான்தான் தீரும். நானே தெரியாமல்தான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டியிருந்தேன் என்பதை அப்போது யாரும் சுட்டிக்காட்டவில்லை.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். எஞ்சினை ஓடவிட்டால் கம்ப்ரசர் காற்றடித்து வண்டியைத் தூக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் சக்கரத்துக்குப் பின்னால் பை தெரியும். அதன் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்குகிற அதே வித்தை.

தெளித்தேன். ஒன்றுமில்லை. இன்னும் தெளித்தேன். உஸ்ஸென்ற சத்தம் மட்டும் காதுக்கு நன்றாகக் கேட்கிறது, குமிழிதான் வரவில்லை. நுரையே நிற்கவில்லை. கையை விட்டுத் தடவினேன். வழவழவென்று வந்தது. முகர்ந்தால் நல்லெண்ணெய்!

"அத்தான், இங்கே எப்படி நல்லெண்ணெய் வந்தது?"

அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் போடுதேன். குத்தாலத்துல குளிச்சிட்டு வாரப்போ மிச்ச எண்ணெய யாரும் கொட்டிருவாவளா? ரப்பர் காஞ்சு போயிரும்லா, வாராவாரம் ரெண்டு கை தடவி ஊற விட்டுருவேன். மனுசனுக்குக் குளுமைன்னா வண்டிக்கும் குளுமைதானே?"

செல்லத்துரையும் தலையாட்டினார். இந்தப் பக்கத்தில் வாட்டர் சர்வீஸ் விட்டால் வண்டியின் அடிவயிற்றுக்குப் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடித்துவிடுவது வழக்கம், துரு பிடிக்காதாம். இரும்புக்கு அது நல்லதுதான். ரப்பருக்கு? எனக்கு வந்ததே கோபம். "அட கடவுளே! எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறும் அத்தான். ஊறினால் தொளதொளத்துப் பிளந்துவிடும். பாசத்தாலேயே கொன்றிருக்கிறீர்கள்!"

"அது எப்படி? வருசக்கணக்கா தடவுதேன், இப்பத்தானே சரிஞ்சுது?" என்று அவரும் விடவில்லை. சண்டை முற்றுவதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏட்டி, எண்ணெய் தேச்ச ஒடம்பு சோப்புக்குக் கேக்குமா? சீயக்காயப் போடுங்க!"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எண்ணெய்ப் பிசுக்கில் சோப்பு நுரை நிற்காது, அதனால்தான் குமிழி வரவில்லை. பிசுக்கை முதலில் எடுக்க வேண்டும். சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் கரைத்து, பழைய பிரஷால் ஜெர்மன் ஜீப்பின் தொடையிடுக்கில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். தெருவில் போன ஒருவர் நின்று, "என்ன அண்ணாச்சி, தீவாளி முன்னாலயே வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கழுவித் துடைத்துவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர். பையின் மடிப்பில் சின்னச் சின்னதாக ஆரம்பித்து, கொத்தாகக் குமிழி பொங்கியது. ரப்பர் அங்கே உப்பிப் பிளந்திருந்தது. செல்லத்துரை கைதட்டினார். நான் கொண்டுவந்த கால் வீண் இல்லை என்று தெரிந்ததில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்படியானால் இடது பக்கம்? அதையும் பார்த்துவிடுவது நல்லது. இருப்பது ஒரே ஒரு கால், இரண்டும் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு கோவிந்தா. பயந்துகொண்டேதான் தெளித்தேன். ஒரு குமிழி இல்லை. ரப்பர் காய்ந்து, தூசி படிந்து, கல்லுமாதிரி இருந்தது. "இந்தப் பக்கம் ஏன் எண்ணெய் போடவில்லை?" என்றேன். அத்தான் தலையைச் சொறிந்தார். "இந்தப் பக்கம் எப்பவும் சொவத்தை ஒட்டில்லா நிக்கும். கை போவாது." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். செல்லம் கொடுத்த பக்கம் கெட்டிருக்கிறது, கண்டுகொள்ளாத பக்கம் நன்றாக இருக்கிறது. அதற்கப்புறம் அவர் என்னோடு வாதாடவில்லை.

பழைய காலைக் கழற்றத் தொடங்கினோம். செல்லத்துரை ஜாக்கியை வைத்துத் தூக்கிவிட்டு அப்படியே அடியில் கையை நுழைத்தார். "எடுங்க கையை!" என்று கத்திவிட்டேன். காற்றில் நிற்கும் வண்டி, தன்னைத் தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் வண்டி. அதில் அந்த வேலையை அணைத்துவைக்காமல், இரும்பு ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வந்தது. மட்டம் பார்ப்பதை நான் அணைப்பதற்குள் அத்தான் போனை எடுக்கக் கதவைத் திறந்தார். உடனே உள்ளே எதுவோ விழித்துக்கொண்டு, புஸ்ஸென்று காற்றை விட்டது. ஸ்டாண்டு தாங்கியது. செல்லத்துரை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நல்ல வேளைக்கா" என்றார். அதற்குப் பிறகு சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

கால் கழன்றது. கூடவே காற்றுக் குழாயைப் பிடித்திருந்த சின்னப் பித்தளை மூட்டும் உடைந்து கையோடு வந்தது. புதுக் காலோடு அது வரவில்லை. விரல்நுனி அளவுச் சாமான். அது இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

"லாரி பிரேக்குக்கும் காத்துதான ஓடுது? புளியறையில செக்போஸ்ட்டுக்கிட்ட ஏர் பிரேக் கடை இருக்கு, அங்கன பாருங்க" என்றார் செல்லத்துரை. அத்தான் மண்டிக்குப் போன் போட்டார். மறுநாள் கேரளாவுக்கு முருங்கைக்காய் ஏற்றிப் போகும் டெம்போவில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமைப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டிரைவர் இசக்கி கலகலப்பான மனிதர். டெம்போவின் வைப்பர்தான் வேலை செய்யவில்லை. அதில் ஒரு கயிறு கட்டி ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார். "சாரல் பலமா வந்தா இதை இழுங்கக்கா" என்றார். செங்கோட்டை தாண்டியதும் பலமாக வந்தது. இழுத்தேன், விட்டேன், இழுத்தேன், விட்டேன். பேருந்தின் கதவுகூடத் தானாகத் திறக்கும் ஊரிலிருந்து வந்தவள், வெளிநாட்டுப் பயணம் என்ற பெயரில் வைப்பராக வேலை பார்த்தேன்.

இசக்கிக்கு ஜீப் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. "காத்துல நிக்கிற வண்டிய நம்பி எப்படிக்கா ஏறுதது? லாரிக்குப் போடுத மாதிரி நாலு இரும்புப் பிளேட்டு போட்டு விடச் சொல்லுங்க, சென்மத்துக்கும் அசையாது." பிளேட்டு போட்டால் தாழ்ந்து நிமிராதே, அக்கா எப்படி ஏறுவாள் என்றேன். அவர் கியரை மாற்றிக்கொண்டே தலையாட்டினார். "அது சரிதான். உங்க அக்காவுக்கு ஆவாதுன்னா வேண்டாம்" என்றார்.

புளியறையில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. கடைக்காரர் "எந்த லாரி?" என்று கேட்டார். "லாரி இல்லை, ஜீப்" என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு டப்பாவை மேசையில் கவிழ்த்தார். அதில் இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. கடைசியாக ஒரு பிஸ்கட் டப்பாவின் அடியில், துருவோடு துருவாக ஒன்று பளபளத்தது. உடைந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மரை சரியாக உட்கார்ந்தது. கடைக்காரரைக் கட்டிப்பிடிக்காததுதான் குறை.

சந்தோஷத்தில் எதிர்க்கடையில் பிய்த்துப் போட்ட பரோட்டாவும் மிளகு தூக்கலான கோழியும் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இரண்டு மலையாள லாரிக்காரர்கள். ஒருவர் மற்றவரிடம் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "இந்தப் பெண்மணி பித்தளை மூட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்து அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறார்." உண்மைதான். சிங்கப்பூர் உணவுக்கடையில் இடம் பிடிக்க மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைப்போம். நான் பித்தளை வைத்திருந்தேன்.

சனிக்கிழமை புதுக் காலை மாட்டினோம். போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுக்க முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டிலிருக்கும் ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிந்துவிடும். செல்லத்துரை முறுக்கினார், நான் மேற்பார்வை என்ற பெயரில் நச்சரித்தேன். எஞ்சின் ஓடியது. கம்ப்ரசர் முனகியது. ஜீப்பின் வலது தோள் மெல்ல மெல்ல எழுந்து இடது தோளுக்குச் சமமாக நின்றது. சோப்புத் தண்ணீர் தெளித்தோம், குமிழி இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஊன்றுகோல் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் எழுந்தது பெரிதல்ல, விடியும்வரை நிற்க வேண்டும். அத்தான் டயருக்கு மேல் கையை விரித்து வைத்து ஒரு சாண் அளந்துகொண்டார். ஞாயிறு காலை நான் பல் துலக்க வரும்போது அவர் அங்கே குனிந்து மறுபடி அளந்துகொண்டிருந்தார். அதே சாண். இம்மி குறையவில்லை. அங்கேயே நின்று புளியறைக்கு அந்தப் பக்கத்து ஆளுக்குப் போன் போட்டார். "வண்டி குடுக்கதுக்கு இல்ல. ஆமா. மன்னிச்சுக்கிடுங்க" என்றார். ஆனந்தம் பொங்க என்னைப் பார்த்தவர், "கொழுந்தியா, இட்டிலி எத்தனை?" என்றார்.

ஜீப் புஸ்ஸென்று தாழ்ந்தது. அக்கா பின்பக்கமாகச் சாய்ந்து, மடங்காமல் உட்கார்ந்தாள். வேலைக்கு வரும் பெண்தான் கால்களைத் தூக்கி உள்ளே வைத்தாள். ஜீப் நிமிர்ந்தது. அக்கா ஊரைப் பார்த்தாள். கோயில் கோபுரம் தெரிந்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள், குற்றாலம் போகும் வழியெல்லாம் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாள்.

மெயினருவியில் கூட்ட நெரிசல், ஐந்தருவிப் பக்கம் போனோம். அருவிக்கு அடியில் போய் நிற்க அவளால் முடியாது, அது அவளுக்கும் தெரியும். காற்று அருவியைத் தூக்கிக்கொண்டு வந்து வீசும் ஓர் இடத்தில் அத்தான் வண்டியை ஒதுக்கினார். கதவைத் திறந்ததும் பொடிப்பொடியாகத் தண்ணீர் அவள் தலையில் இறங்கியது. "வந்துட்டு ஏட்டி, தண்ணி வந்துட்டு" என்று சிரித்தாள். முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. நானும் அழுதேன், ஒளிப்பானேன்?

எண்ணெய் விற்கும் பெண் ஒருத்தி வந்தாள். "எண்ணெய் வேணுமா அண்ணாச்சி?" அத்தான் பழக்கதோஷத்தில் ஒரு பாட்டிலை வாங்கி மூடியைத் திருகிவிட்டார். திருகிய கையோடு குனிந்து வலது முன்சக்கரத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஏங்க, அதுக்குத் தேச்சது போதும். எனக்குத் தேய்ங்க."

அத்தான் சக்கரத்தை விட்டு நிமிர்ந்தார்.

"ஆபரேசன் ஆனதுல இருந்து என்னையத் தொடவே பயப்படுதிய. அந்த ரப்பருக்குத் தடவினதுல ஒரு கை எனக்குத் தடவியிருந்தியன்னா, நான் எப்பவோ எந்திரிச்சு நடந்திருப்பேன்."

"வலிச்சிருமோன்னுதாம்ட்டி..." என்றார் அத்தான். அந்தப் பெரிய மனிதருக்குக் குரல் உடைந்துவிட்டது. "ஆசுபத்திரியில நீ கத்துனது இன்னும் காதுலயே கெடக்கு. கைய வைக்கவே நடுங்குது."

எண்ணெய்க்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அருவியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது, அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். வண்டியிலிருந்து தொங்கிய அக்காவின் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்து, எண்ணெயை ஊற்றி, ஒற்றை விரலால் தொட்டும் தொடாமலும் தடவினார்.

"என்ன தடவுதிய? நல்லா அழுத்தித் தேய்ங்க" என்றாள் அக்கா. "நான் ஒண்ணும் ரப்பர் இல்ல."